கடைசிப் பக்கம்

நேற்று இராஜாக்கமங்கலம் பஸ் ஸ்டாப் சுவரில் ஒருவர் போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைதாப் பசையின் புளித்த மணம் வந்ததும் சித்தியின் ஞாபகம் வந்துவிட்டது.

திருவட்டாற்றில் சித்தி வார இதழ்களின் சிறுகதைகளைக் கிழித்தெடுத்து, பேய்க்கதைக்குக் கறுப்பு, துப்பறியும் கதைக்குச் சிவப்பு, காதலுக்கு ரோஸ் என்று அட்டை போட்டு மைதாப் பசையால் ஒட்டுவாள். யாருக்கு எது பிடிக்கும் என்று பார்த்துத் தெருவுக்கே கொடுப்பாள். கடைசிப் பக்கம் மட்டும் அவளிடம் இருக்கும். அதுவரை படித்ததைச் சொன்னால்தான் அது கிடைக்கும்.

பக்கத்து வீட்டுத் தங்கம்மை மாமி மாவுக் கையோடு ஓடி வருவாள்.

"ஏட்டி, கொன்னது ஆருன்னு யோசிச்சே தோச கரிஞ்சு போச்சு. அந்தக் கடைசித் தாளத் தாட்டி!"

"மொதல்ல கதையச் சொல்லுக்கா."

நானும் எங்கள் வாசகர் வாட்ஸப் குழுவில் மூன்று மாதமாக வாரம் ஒரு கதையைப் பரிந்துரைக்கிறேன். பேய், காதல், நகைச்சுவை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன். கட்டைவிரல்தான் வருகிறது. ஒருத்தரும் கதையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அந்த எரிச்சலில் ஒரு துப்பறியும் கதையைப் போட்டோ எடுத்து, கடைசிப் பக்கம் இல்லாமல் அனுப்பினேன். கேட்டு வரட்டும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாலையில் ஒரு பதில் வந்தது.

"முடிவு அருமை சார்."

அதற்குக் கீழே பதினோரு கட்டைவிரல்.