சும்மா விட வேண்டிய செடி

என் அக்கா வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பம்பரம் என்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள், அவரும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொள்வார். எங்கள் மலையூரில் சரிவின் அடியில் இருக்கும் சலவைக்கூடம் அவருடையது. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துவாலைகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வருஷத்தில் பாதி நாள் வெயில் தலைகாட்டாத ஊரில் ஈரத்துணியை உலர்த்திக் கொடுப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஈரம் அவருக்குப் பரம விரோதி. சுவரில் ஒரு திட்டு கண்ணில் பட்டால் போதும், சாப்பிடுகிற தட்டை விட்டு எழுந்து போய்த் துடைப்பார்.

நல்லவர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நல்லவர்களோடு குடித்தனம் பண்ணுவதற்குத் தனித் தெம்பு வேண்டும். மாமா வருகிறார் என்று தெரிந்தால் என் மனைவி கதவுக் கீலில் ஒரு திருகாணியைத் தளர்த்தி வைப்பாள். அதை முடுக்குவதில் அவர் மும்முரமாகிவிட்டால் வீட்டிலிருக்கும் மற்ற சாமான்கள் தப்பிக்கும்.

அக்காவுக்கு அந்தத் தந்திரமெல்லாம் தெரியாது. சலவைக்கூடத்தின் கல்லாவில் உட்கார்ந்து சீட்டு கிழித்துக்கொடுத்தே அவளுக்குத் தலை நரைத்துவிட்டது. அவள் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது ஒரே ஒரு ரோஜாச் செடி. நாற்றுப்பண்ணைக்காரம்மா கொடுத்தது, புதராக வளரும் ரகம், இளஞ்சிவப்புப் பூ. குளிருக்கும் தூறலுக்கும் அசையாது, மருந்து கேட்காது, வாடின பூவைக் கிள்ளிவிடக்கூட ஆள் வேண்டாம், தானே உதிர்ந்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை குளிர்கால முடிவில் வெட்டிவிட்டால் போதும். பின்கட்டு மதிலோரம் வைத்தாள். இரண்டாம் வருஷமே இடுப்புயரம் வந்து கொத்துக் கொத்தாகப் பூத்தது. கல்லாவை மூடியதும் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பாள். மாமாவுக்கு அதுதான் புரியவில்லை. "என்ன பண்றே அங்க?" என்பார். "ஒண்ணும் பண்ணல" என்பாள். அந்தப் பதில் அவரை உறுத்தும்.

ஒரு மாலை அக்கா கணப்படுப்பின் முன்னால் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மாமா துடைப்பத்தோடு வந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை, தள்ளிக்கொள் என்றும் சொல்லவில்லை. நாற்காலியை அவளோடு சேர்த்தே நகர்த்திவிட்டு அடியில் பெருக்கினார். பெருக்கி முடித்ததும் அவளைப் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்தார். மறுநாள் காலை அக்கா பையோடு என் பஸ்ஸில் ஏறினாள். நான் கண்டக்டர், என் பஸ் அந்தச் சலவைக்கூடத்து வாசலில்தான் நின்று போகும்.

"கொஞ்ச நாள் உன் வீட்டுல இருக்கேன்டா" என்றாள். "அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டு வந்தேன். ரோஜாவைத் தொடாதீங்கன்னு. அந்த ஒரு செடியை அவர் அது பாட்டுக்கு விட்டாருன்னா, என்னையும் விடுவாருன்னு நம்பித் திரும்பிப் போவேன். இல்லைன்னா போகமாட்டேன்."

"இதை அவர்கிட்டயே சொல்லிடலாமே அக்கா?"

"வாயைத் திறந்தே, அவ்வளவுதான். சொன்னா அதையும் ஒரு வேலையா எடுத்துக்குவாரு."

அது உண்மைதான். என் நிலைமைதான் இருதலைக்கொள்ளி எறும்பு. தினமும் அந்த வாசலில் பஸ் நிற்கிறது. மாமா ஓடி வருகிறார். "மாப்ளே, உங்க அக்கா எப்ப வர்றா?" எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. "செடியைத் தொடாதீங்க மாமா" என்பேன். "சேச்சே, நான் ஏன் தொடறேன்" என்பார். அவர் விரல்நகத்தில் மண் இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்துத் தூறல் பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. செடியின் அடியிலைகள் சிலவற்றில் கறுப்புப் புள்ளி விழுந்ததாம். மாமா பதறிப்போய் நாற்றுப்பண்ணைக்கு ஓடினார். அந்த அம்மா சிரித்திருக்கிறாள். "நாலு இலையில புள்ளி வந்தா என்ன, அதுவா உதிர்ந்து அதுவா துளிர்க்கும். காத்தோட்டமா விடுங்க, மேல தண்ணி தெளிக்காதீங்க, அவ்வளவுதான்" என்றாளாம். வெறுங்கையோடு திரும்புவது மாமாவுக்குத் தெரியாத வித்தை. பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

என் முறை ஓய்வு நாளில் மனசு கேட்காமல் போய்ப் பார்த்தேன். பின்கட்டில் ஒரு கூடாரம்! செடியைச் சுற்றி நாலு கம்பு, மேலே தார்ப்பாய். அது போதாதென்று, துணி உலர்த்தும் இயந்திரத்தின் சூடான காற்று வெளியே போகிற தகரக் குழாய்க்கு ஒரு துண்டை ஒட்டுப்போட்டு, வளைத்துக் கூடாரத்துக்குள்ளேயே விட்டிருந்தார்.

"ஈரம்தானே மாப்ளே நோவு? ஊரையே காய வைக்கிறேன், ஒரு செடியைக் காய வைக்க முடியாதா? நாலு நாளா சூடு போயிட்டிருக்கு. கலைஞ்சிடும்னு இன்னும் திறந்துகூடப் பார்க்கல."

பெருமையாகத்தான் தார்ப்பாயைத் தூக்கினார். உள்பக்கமெல்லாம் தண்ணீர் முத்து முத்தாக வழிந்தது. மொட்டுகள் மேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பஞ்சு போலப் படர்ந்திருந்தது. இலைகள் முக்கால்வாசி கீழே கிடந்தன. மிச்சமிருந்தவை அவர் கை பட்டதும் உதிர்ந்தன.

மாமா குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தார். எடுத்துப் பார்த்தார். கை நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி விரிப்புகளிலும் ஓட்டல் துவாலைகளிலும் இருந்த தண்ணீர் அத்தனையும் ஆவியாகி அந்தக் குழாய் வழியாகத்தான் வெளியே போகிறது என்று அவருக்குத் தெரியாதா? முப்பது வருஷமாகத் தெரியும். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இதே ஜாதி வேற ஒண்ணு வாங்கி நட்டுடலாம் மாமா. அக்காவுக்கா தெரியப்போகுது?" என்றேன். என் புத்தி அப்படித்தான் போனது.

அவர் குழாயைக் கழற்றினார், கம்புகளைப் பிடுங்கினார். சலவைக்கூடத்துக் கொதிகலனை அணைத்தார். வேலை நாளில் அது அணைந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். எதிரே வந்த பஸ்ஸில் என்னோடு ஏறி என் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு அக்காவிடம் சொன்னார்.

"செடியைக் கெடுத்துட்டேன்."

எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, உள்ளே போகவும் முடியவில்லை.

"இப்ப அதுக்கு என்ன பண்ணியிருக்கீங்க?" என்றாள் அக்கா.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன். வேற ஒண்ணும் பண்ணல. இனி என்ன பண்ணணும்னு நீதான் சொல்லணும்."

"ஒண்ணும் பண்ணக்கூடாது. துளிர் விட்டா வந்து சொல்லுங்க."

"விடலைன்னா?"

"விடலைன்னாலும் நீங்களே வந்து சொல்லுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்கப்புறம் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. ஒவ்வொரு நடைக்கும் அந்த வாசலில் பஸ் நிற்கும்போது உள்ளே எட்டிப் பார்ப்பேன். மாமா கூடத்துக்குள் நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருப்பார். மடித்ததை உதறி மறுபடி மடிப்பார். என்னைப் பார்த்தால் உதட்டைப் பிதுக்குவார். வீட்டுக்குப் போனால் அக்கா வாய் திறந்து கேட்கமாட்டாள், ஆனால் நான் செருப்பைக் கழற்றும்வரை என் முகத்தையே பார்ப்பாள். தூறல் நின்றது. மூடுபனி வந்தது, போனது. அந்தச் செடி செத்துத் தொலைந்தால்கூட நிம்மதியாக இருக்குமே என்று நினைக்கும் அளவுக்கு நான் வந்துவிட்டேன்.

ஒரு நாள் காலை மாமா பஸ்ஸில் ஏறினார். துளிர்த்ததா, பட்டுப்போனதா என்று அவர் முகத்தில் படிக்க முடியவில்லை. கேட்டால் உடைந்துவிடுவார் போலிருந்தது. என் வீட்டு நிறுத்தத்தில், பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிட்டு நானும் அவரோடு இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

அக்கா கதவைத் திறந்தாள். "விட்டிருக்கா?"

"தெரியல" என்றார் மாமா.

"தெரியலையா?"

"நான் பின்கட்டுக் கதவையே திறக்கல. அன்னிக்குப் பூட்டினதுதான். கிட்டப் போனா இந்தக் கை சும்மா இருக்காது. எனக்கு என்னை நம்பப் பயமா இருந்தது. நீயே வந்து பாரு. செத்திருந்தா மறுபடியும் இவனோட பஸ்லயே திரும்பிடு, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அக்கா அவரையே பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தமும் மூடும் சத்தமும் கேட்டன. துணிமணி எல்லாவற்றையும் அடைத்துப் புடைத்த பையோடு வந்து நின்றாள்.

அதை வாங்கிக்கொள்ள மாமாவின் கை சட்டென்று நீண்டது. பாதியில் நின்றுவிட்டது. நின்ற கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் தவித்தார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

"புடிங்க" என்று பையை அதில் கொடுத்தாள். "கனமா இருக்கு."