மதிலுக்கு அந்தப் பக்கம்: ஓடைமேட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

இந்த வலைப்பதிவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வழக்கம் தெரியும். நாலு நாள் லீவு கிடைத்தால் மலைக்கோ கடலுக்கோ கிளம்பிவிடுவேன். திரும்பி வந்து ரூட், செலவு, சாப்பாடு எல்லாவற்றையும் விவரமாக எழுதுவேன். இந்த முறை போன இடம் என் வீட்டிலிருந்து ரோடு வழியாக இரண்டரைக் கிலோமீட்டர்தான். ஆனால் இதை எழுத உட்கார எனக்கு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது.

பொங்கல் முடிந்த வாரம் மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவர்கள் தெருவில் சாக்கடையும் குப்பையும் தாங்க முடியவில்லையாம், தெருக்காரர்களே சேர்ந்து ஏதாவது செய்ய நினைக்கிறார்களாம். "உங்க பட்டாபிராம் பக்கத்துல ஓடைமேடுன்னு ஒரு இடம். அங்க ஜனங்களே முன்னால நின்னு தங்களோட இடத்தை மாத்தியிருக்காங்கன்னு கேள்விப்பட்டேன். எங்கெங்கயோ போறீங்களே, ஒரு தடவை அங்க போய்ப் பார்த்து எழுதுங்களேன்" என்று கேட்டு, காமாட்சி என்ற பெண்ணின் போன் நம்பரையும் கொடுத்திருந்தார். நான் பட்டாபிராமில் ஃப்ளாட் வாங்கிக் குடியேறி ஆறு வருடம் ஆகிறது. ஓடைமேடு என்ற பெயரை நான் கேட்டதே இல்லை. மேப்பில் தேடினேன், அதிலும் இல்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ பிடித்தேன். எண்பது ரூபாய் கேட்டார், பேரம் பேசவில்லை.

"ஓடைமேட்ல இன்னா சார் வேல?" என்றார் டிரைவர்.

"சும்மா பார்க்கத்தான்."

"பாக்கறதுக்கா?" கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார். "முன்னெல்லாம் அங்க சவாரி கூப்ட்டா வர மாட்டோம் சார். உள்ள போனா வண்டி திரும்பாது. இப்ப ஊட்டு வாசல்லயே எறக்கி வுட்றேன்."

ரயில்வே கேட்டைத் தாண்டி, புதிதாகப் பிரித்துப் போட்ட மனைகளையும் ஜல்லிக் குவியல்களையும் சுற்றிக்கொண்டு, இரண்டு மூன்று திருப்பம் திரும்பியதில் எனக்குத் திசை குழம்பிவிட்டது. பத்தே நிமிடத்தில் ஆட்டோ ஒரு சந்துக்குள் நுழைந்தது. சொன்னபடியே உள்ளே வரைக்கும் போனது.

சந்தின் இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகள். எல்லா வீட்டு முகப்பும் ஒரே கோட்டில் வெட்டிவிட்டதுபோல இருந்தது. வாசற்படி என்று எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை. சாக்கடைக்கு மேலே சிமெண்ட் பலகை போட்டு மூடி, அதன் மேலேயே கோலம் போட்டிருந்தார்கள்.

காமாட்சி சந்து முனையிலேயே நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டியிருக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேண்டீனில் சமையல் வேலை, ஞாயிறு மட்டும் லீவு. அவருடைய மாமனார் காலத்தில் இங்கே எல்லாரும் சுற்றியிருந்த வயல்களில் கூலிக்குப் போனவர்கள். வயல் எல்லாம் மனையான பிறகு பிள்ளைகள் கம்பெனி வேலைக்குப் போனார்கள்.

வாசற்படிகள் எங்கே என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் மதுரை வாசகி முக்கியமாகப் படிக்க வேண்டும்.

"எங்க ஊட்டுக்காரருக்கு நெஞ்சு வலி வந்தப்ப ஆம்புலன்ஸ் மெயின் ரோட்லயே நின்னுச்சி சார். உள்ள வர வழி இல்ல. பிளாஸ்டிக் சேர்ல ஒக்கார வெச்சி நாலு பேரு தூக்கினு போனாங்க. ரோடு போய் சேர்றதுக்குள்ள தல தொங்கிடிச்சி." படி இருந்த இடத்தைக் கையால் காட்டினார். "காரியம் முடிஞ்ச அன்னிக்கு எங்க ஊட்டுப் படிய நானே கடப்பாரையால இடிச்சேன். பக்கத்து ஊட்டம்மா வந்து நின்னு பாத்துச்சி. மறுநாளு அதுவும் இடிச்சிது."

அதிலிருந்து ஆரம்பித்ததாம். எல்லாரும் இடித்துவிடவில்லை. ஒரு வருடத்துக்கும் மேல் சண்டையும் சமாதானமுமாக ஓடியிருக்கிறது. பிறகு மாநகராட்சியில் போய் உட்கார்ந்து குழாயும் பலகையும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கட்டடக்கலை படிக்கும் மாணவர்கள் சிலர் உதவிக்கு வந்து, குப்பை கொட்டிக் கிடந்த பள்ளத்தை மேடாக்கித் திடல் போட ஒரு வரைபடம் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் யாருக்கும் புரியவில்லை. அதனால் பிளீச்சிங் பவுடரால் தரையிலேயே கோடு போட்டு, எல்லாரையும் அதற்குள் நடக்கச் சொன்னார்களாம். மாணவர்கள் பூச்செடி போட்டிருந்த இடத்தில் பெண்கள் போய் நின்றுகொண்டு, இங்கே துணி காயப்போடக் கொடி வேண்டும், குழாயடியில் விளக்கு வேண்டும் என்று கோட்டைக் காலால் அழித்து வேறு கோடு போட்டிருக்கிறார்கள். அந்தக் கொடியும் விளக்கும் இப்போது அங்கே இருக்கின்றன.

நான் எழுதிக்கொண்டும் படம் எடுத்துக்கொண்டும் உற்சாகமாக இருந்தேன். நல்ல பதிவு சிக்கிவிட்டது என்றுதான் மனசு ஓடிக்கொண்டிருந்தது. திடலுக்கு வந்தோம். அங்கே தள்ளுவண்டியில் பிரியாணி போடும் பாஷா பாய் என்பவர் கொத்தனார் வேலை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேருக்குச் சிமெண்ட் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு கிளாஸ் டீ வந்தது.

திடலின் மூன்று பக்கமும் வேலை முடிந்திருந்தது. நாலாவது பக்கம் மட்டும் அப்படியே கிடந்தது. அங்கே உயரமான ஒரு மதில், அதன் மேல் முள்கம்பிச் சுருள். மதிலின் அடியில் ஒரு பெரிய குழாய் வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஷாம்பு வாசனையும் கக்கூஸ் நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து அடித்தது. அந்தத் தண்ணீர் பரவாமல் இருக்க ஒரு வாய்க்கால் வெட்டி, ஜல்லி கொட்டி, அழுக்கை உறிஞ்சக் கல்வாழை நட்டிருந்தார்கள்.

"காலைல ஆறு மணிக்கு ஆரம்பிக்கும் சார். அவங்கல்லாம் குளிச்சி முடிக்கற வரைக்கும் ஓடும்," என்றார் காமாட்சி. "இந்தப் பக்கந்தான் பால்வாடி கட்டலாம்னு கோடு போட்டோம். இது நிக்காம எப்படிக் கட்றது? போன வருசம் மூணு புள்ளைங்களுக்கு மஞ்சக்காமாலை."

"எங்கேருந்து வருது?" என்று கேட்டுக்கொண்டே நிமிர்ந்தேன்.

மதிலுக்கு மேலே ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பின்பக்கம் தெரிந்தது. நாலாவது மாடி பால்கனியில் ஒரு மஞ்சள் சைக்கிள். என் மகளுடையது.

எங்கள் பால்கனியிலிருந்து பார்த்தால் மரங்களும் தகரக் கூரைகளும் தெரியும். ஏதோ குடிசைப் பகுதி என்று நினைத்ததோடு சரி, அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று தோன்றியதில்லை. எங்கள் கழிவுநீரைச் சுத்தம் செய்ய ஒரு எந்திரம் இருக்கிறது. அது அடிக்கடி பழுதாகிறது என்று அசோசியேஷன் கூட்டத்தில் பேசியதாகவும் ஞாபகம். பழுதானால் தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்டதில்லை.

அந்த நேரத்தில் குழந்தைகளின் மஞ்சள்காமாலை எனக்கு முதலில் மனசில் வரவில்லை. யாராவது மேலேயிருந்து என்னைப் பார்த்துவிடுவார்களோ என்றுதான் வந்தது. மெதுவாக நகர்ந்து ஒரு பூவரச மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

"நீங்க எங்க சார் இருக்கீங்க?" காமாட்சி சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஆவடி," என்று பக்கத்து ஊர்ப் பெயரைச் சொன்னேன்.

சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் என் மனைவி கீதா ஈரத் துணிகளோடு பால்கனிக்கு வந்தாள். கீழே பார்த்தாள். உள்ளே போய் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். என் பையில் போன் அடித்தது.

"ஏங்க, பின்னாடி மைதானத்துல மரத்தடியில நிக்கிறது நீங்களா?"

"இல்லையே," என்றேன்.

"உங்க சட்டை மாதிரியே இருந்துச்சு."

நான் போனை வைத்தேன். மேலே அவளும் காதிலிருந்து போனை எடுத்தாள். காமாட்சி அவளையும் பார்த்தார், என் கையையும் பார்த்தார்.

"சார், அது உங்க ஊடா?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "டீ ஆறிடும், குடிங்க," என்றார். அதற்குப் பிறகு எங்கள் அடுக்ககத்துக்கு வந்த கதையைச் சொன்னார். தீபாவளிக்கு முன்னால் அவரோடு சேர்த்து மூன்று பெண்கள் சுற்றிக்கொண்டு எங்கள் கேட்டுக்கு வந்திருக்கிறார்கள். வாட்ச்மேன் உள்ளே போன் செய்து கேட்டுவிட்டு, இப்போது யாரும் இல்லை, எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை.

அந்த நாள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் செயலாளர் ஒரு செய்தி போட்டிருந்தார். பின்பக்கத்து ஆட்கள் பணம் கேட்டு வருகிறார்கள், யாரும் கதவைத் திறக்க வேண்டாம் என்று. நான் அதற்குக் கட்டைவிரல் போட்டேன். இதை அன்றைக்குக் காமாட்சியிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் இதைப் படித்தால் இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

பாஷா பாய்க்கு விஷயம் புரிந்ததும் சிமெண்ட் கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வந்தார்.

"ஆவடின்னியே நைனா. ஊடு எங்கன்னு கேட்டா ஊட்ட சொல்றதுக்கு இன்னா கஷ்டம் ஒனக்கு?"

"தெரியாதுங்க பாய். தண்ணி இங்க வருதுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாது சரி. இப்ப தெரிஞ்சிச்சி இல்ல, தெரிஞ்சப்புறமும் தான ஆவடின்ன?"

காமாட்சிதான், "வுடு பாய். சார், நீங்க அவங்ககிட்ட பேசலாம் இல்ல?" என்றார். பேசுகிறேன் என்றேன். ஆட்டோவுக்குக் காத்திருக்காமல் நடந்தே வீடு வந்தேன். அரை மணி நேர நடை. கீதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "என்கிட்டயாவது ஆமான்னு சொல்லியிருக்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் எழுந்து பேசினேன். சரியாகப் பேசினேன் என்று சொல்ல மாட்டேன். அந்த இடமே ஆக்கிரமிப்பு, அவர்கள் நம்மைக் கேள்வி கேட்பதா என்றார் செயலாளர். எனக்குக் குரல் இறங்கிவிட்டது. "ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்து பேசலாமே" என்று சொல்லிக் குழைந்தேன். யாரும் அசையவில்லை. பின்வரிசையில் இருந்த கீதா எழுந்து, "நான் நாளைக்குக் காலைல ஆறு மணிக்குப் போறேன். வர்றவங்க வரலாம்," என்றாள். மறுநாள் அவளோடு ஐந்து பெண்கள் போனார்கள். காமாட்சி வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழாயைக் காட்டியிருக்கிறார். போனவர்களில் ஒருவர், செயலாளரின் மனைவி, அங்கேயே வாந்தி எடுத்துவிட்டாராம்.

அதற்குப் பிறகும் உடனே எதுவும் நடந்துவிடவில்லை. இந்தப் பக்கத்துப் பெண்களும் அந்தப் பக்கத்துப் பெண்களும் சேர்ந்து மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். அதிகாரி வந்து பார்த்து எச்சரித்த பிறகுதான் எந்திரம் சரியானது, குழாய் வாய் அடைக்கப்பட்டது. மதிலில் ஒரு சின்னக் கதவு வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் சௌகரியம் என்று நான் சொன்ன யோசனையை எங்கள் ஆட்கள் கை தூக்கித் தோற்கடித்தார்கள். மதில் அப்படியேதான் இருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சென்னை சென்ட்ரலை ஒட்டிய புறநகர் நிலையத்திலிருந்து திருவள்ளூர், அரக்கோணம் போகும் லோக்கல்கள், ஃபாஸ்ட் தவிர, பட்டாபிராமில் நிற்கும். டிக்கெட் பத்து ரூபாய், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். ஞாயிறு காலையில் போங்கள், அன்றைக்குத்தான் எல்லாரும் லீவில் திடல் வேலை செய்துகொண்டிருப்பார்கள். காமாட்சியிடம் முன்கூட்டியே போனில் பேசிவிட்டுப் போங்கள், நம்பர் வேண்டுபவர்கள் எனக்கு எழுதினால் அவரைக் கேட்டுவிட்டுத் தருகிறேன். வீட்டுக்குள் எட்டிப் பார்த்துப் படம் எடுக்காதீர்கள். சாயங்காலம் வரை இருந்தால் பாஷா பாய் வண்டியில் பிரியாணி கிடைக்கும். எனக்கு இன்னும் அவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஆனால் பிரியாணியில் குறை வைப்பதில்லை. மதுரை வாசகிக்கு ஒன்று: வரைபடத்தைக் காகிதத்தில் காட்டாதீர்கள், தரையில் போடுங்கள். உங்கள் தெருவுக்கு மேலேயிருந்து யாருடைய தண்ணீர் வருகிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

பால்வாடிக்கு அஸ்திவாரம் தோண்டிய ஞாயிறுகளில் நானும் கீதாவும் போனோம். வாய்க்காலில் சாக்கடை ஊறிக் கிடந்த ஜல்லியை வாரிக் கொட்டுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு ஞாயிறு திருநின்றவூரிலிருந்து ஒரு கூட்டம் இதையெல்லாம் பார்க்க வந்தது. அவர்களில் ஒருவர், முழங்கால் வரை சேறோடு நின்ற என்னைக் காட்டி, "இவரு உங்க காலனியா?" என்று காமாட்சியைக் கேட்டார்.

"பக்கத்து ஊட்டுக்காரரு," என்றார் காமாட்சி.

அவர்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் குனிந்து கூடையில் ஜல்லியை வார ஆரம்பித்தேன்.