பள்ளத்துக்கு அந்தப் பக்கம்

போன வருஷம், ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு மதியம். கொடைக்கானலில் ஊரைவிட்டுத் தள்ளியிருக்கும் ஒரு விடுதியில், ரிசப்ஷனில் வேலை பார்க்கிறேன்.

சொந்த ஊர் வத்தலக்குண்டு. தமிழ் வழியில் படித்தவள். வெளிநாட்டுக்காரர்கள் எதிரே திருதிருவென விழிக்கக் கூடாதென்று அப்போது ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். விருந்தினரிடம் இனிப்பான சேதியை முதலில் சொல்ல வேண்டும், பிறகு ஒரு ‘பட்’ போட்டுக் கசப்பைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே பாடம். கண்ணுக்குத் தெரிவதற்கு ‘லுக்ஸ்’, உள்ளபடி இருப்பதற்கு ‘இஸ்’, நடுவில் ‘பட்’. குளிக்கும்போதுகூட அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அன்று தனியாகத் தங்கியிருந்த வயதான வெள்ளைக்காரர் ஒருவர், எதிரே தெரிந்த பாறையைக் காட்டி, அங்கே நடந்து போகலாமா என்று கேட்டார். விடுதிக்கும் அந்தப் பாறைக்கும் நடுவில் பெரிய பள்ளம். ஒற்றையடிப் பாதை அதைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறி இறங்கும். நான் உற்சாகமாக, “பியூட்டிஃபுல் வியூ சார். இட் லுக்ஸ் வெரி நியர்...” என்று ஆரம்பித்தேன். போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு, ‘பட்’ போட்டுப் பள்ளத்தைச் சொல்ல நிமிர்ந்தால், மனிதர் கிளம்பிப் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மூடுபனி ஏறியது. ஜன்னலுக்கு வெளியே இருந்த ரோஜாச் செடிகூடத் தெரியவில்லை. தோட்ட வேலை பார்க்கும் அண்ணனைக் கூட்டிக்கொண்டு பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினேன்.

“சார்” என்று கத்தினேன். எதிர்ப்பக்கமிருந்து உடனே பதில் வந்தது. உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷத்தில் இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். அடுத்த பதில் பக்கத்தில் கேட்டது. அதற்கடுத்தது இன்னும் பக்கத்தில். கூடவே ஒரு கல் உருண்டு விழும் சத்தம். கீழே போய்க்கொண்டே இருந்தது அது.

அப்போதுதான் உறைத்தது. பாதையை விட்டுவிட்டு என் குரலைப் பார்த்து நேராக வந்துகொண்டிருக்கிறார். காப்பாற்ற வந்த நானே அவரைப் பள்ளத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

வாயை மூடினால், குரலைக் காணோமென்று வேகமாக வந்துவிடுவாரோ என்று பயம். திறந்தால் அதைவிடப் பயம். படித்த வாக்கியம் ஒன்றுகூட நாக்கில் வரவில்லை. “டோன்ட் கம்! சிட்! சிட் டவுன்!” என்று நாயை அதட்டுவதுபோல் அலறினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“நான் மேல சுத்திப் போயி கூட்டியாரேன். நீ இங்கனயே நின்னு அவர எந்திரிக்க விடாம பாத்துக்க தாயி” என்று சொல்லிவிட்டு அண்ணன் பனிக்குள் மறைந்தார்.

நான் “சிட், சிட்” என்று சொல்லிக்கொண்டே நின்றேன். உட்கார்ந்தாரா, விழுந்தாரா? தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. வேளாங்கண்ணி மாதாவையும் பழனி முருகனையும் மாறி மாறிக் கூப்பிட்டேன்.

கடைசியில் அண்ணனின் குரல் கேட்டது. “இருக்காரும்மா. பிடிச்சுட்டேன்.” பனி லேசாக விலகியபோது பார்த்தேன். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து இன்னும் ஓரடி வைத்திருந்தால் வெறும் காற்றுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இப்போதெல்லாம் யார் வழி கேட்டாலும் பள்ளத்தைத்தான் முதலில் சொல்கிறேன். “எடுத்ததுமே பயமுறுத்தாதம்மா, வியூவச் சொல்லு” என்று மேனேஜர் கடிந்துகொள்வார். பயப்படட்டும். அழகைப் பற்றிப் பேச, அவர்கள் திரும்பி வந்த பிறகும் நேரமிருக்கிறது.