பொன்னாடை போர்த்திய பிறகு கேட்ட கேள்வி

போன வருடம், மொன்றியலில் பனி உருகித் தெருவெல்லாம் சேறாகக் கிடந்த நாட்களில் இது நடந்தது. கோட்-டெ-நெய்ஜ் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனையின் சமையல் பகுதியில் நான் வேலை செய்கிறேன். நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகள் பெல்ட்டில் ஓடி வரும். ஒருத்தி சூப் வைப்பாள், ஒருத்தி பாண் துண்டு வைப்பாள். உப்பில்லாத சாப்பாடு யாருக்கு, சீனி இல்லாதது யாருக்கு என்று கடைசியாகப் பார்த்து மூடி போடுவது என் வேலை. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் நிற்பவளோடு கதைத்துக்கொண்டே செய்யலாம், அதனால் எனக்குப் பிடிக்கும்.

என் பக்கத்தில் நின்றவள் வேறொரு நாட்டுக்காரி. எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் அவளை மறந்துவிட்டு அந்த நாட்டு அரசியலுக்குச் சண்டை பிடிக்கத் தொடங்கிவிடுவீர்கள். அவளுடைய ஊர்மீது பக்கத்து நாடு ஒன்று ஷெல் அடித்துக்கொண்டிருந்தது, அந்தப் பக்கத்து நாடு கனடாவின் நட்பு நாடு. இவ்வளவு தெரிந்தால் போதும்.

எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த மொழி பிரெஞ்சு. அவளுடையது என்னுடையதைவிடக் கொஞ்சம் மோசம். அவளுடைய அண்ணன் அந்த ஊரிலேயே ஒரு பேக்கரி நடத்திக்கொண்டிருந்தான். இடைவேளைக்குப் போனதும் அவள் முதலில் செய்வது அவனை வீடியோவில் கூப்பிடுவதுதான். கையெல்லாம் மாவோடு வந்து நிற்பான். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்ததால் அவனுடைய மூத்த மகள் கடையில் உதவிக்கு நின்றாள். பதினைந்து வயது இருக்கும். என்னைக் கண்டால் பாணைத் தூக்கிக் காட்டி, வேண்டுமா என்று சைகையால் கேட்பாள். நானும் இரண்டு என்று விரல் காட்டுவேன். சில நாட்களில் அழைப்பு போகாது. அப்போது என் பக்கத்தில் இருப்பவள் என்ன நினைப்பாள் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் வன்னியில் ஷெல்லுக்குள் இருந்து தப்பி வந்தவள்.

ஒரு நாள் அவள் வேலைக்கு வந்ததும் வராததுமாக என்னை ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனாள். கனடாவில் செய்த பீரங்கி ஷெல்களை அந்த நட்பு நாட்டுக்கு விற்கப் போகிறார்களாம், அமைச்சரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறார்களாம் என்று செய்தியில் வந்திருந்தது. இந்த நாட்டில் ஆயுதம் வெளியே போக அனுமதி வேண்டும். பொதுமக்களுக்குப் பெரிய தீங்கு வரக்கூடும் என்று தெரிந்தால் அனுமதி கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அமைச்சரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க நாடாளுமன்றக் குழு ஒன்றும் இருக்கிறது. அந்தக் குழுவில் என் தொகுதி எம்.பி. ஒரு உறுப்பினர். கோயில் விழாவில் அவர் எங்களோடு நின்ற படங்களை முன்பு ஒரு முறை அவளுக்குக் காட்டியிருந்தேன். அதை அவள் மறக்கவில்லை. அவளுடைய ஆட்கள் இங்கே கொஞ்சப் பேர்தான், பாதிப்பேருக்கு வாக்கே இல்லை. உங்கள் ஆட்கள் சொன்னால் அவர் கேட்பார்தானே என்றாள்.

கேட்பார் என்று சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். எங்களுக்கு நடந்தபோது இந்த நாட்டில் எங்கள் சனம் நடுங்கும் குளிரில் ஒட்டாவாவுக்குப் போய்த் தொண்டை கிழியக் கத்தியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வலி தெரிந்தவர்கள் நாங்கள். எங்களைவிட யார் சரியாகக் கேட்க முடியும் என்ற திமிர் எனக்கு அன்று இருந்தது.

அன்று பின்னேரமே எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். முழுவதையும் கேட்டார். பிறகு, "ஓம் தங்கச்சி, கட்டாயம் கேக்க வேணும். எங்களுக்கு நடக்கேக்குள்ள ஆர் கேட்டவை? நாங்கள் கேப்பம்" என்றார். அந்த வாரமே சந்திப்புக்கு நேரமும் வாங்கிவிட்டார்.

எங்கள் சங்கத்துக்கு எம்.பி. என்றால் புது மாப்பிள்ளை மாதிரி. வெறுங்கையோடு முன்னால் போய் நிற்க முடியாது. பொன்னாடை வேண்டும், ஒரு பெட்டி ரோல்ஸும் பற்றீஸும் வேண்டும், படம் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். இந்த முறை இதெல்லாம் வேண்டாம் அண்ணை, ஒரு கேள்வி கேட்கத்தானே போகிறோம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது பிடிபடவே இல்லை. "முதல் மரியாதை, பேந்து கதை" என்றார். நாற்பது வருடமாக அவர் அப்படித்தான் எல்லாரிடமும் போயிருக்கிறார். பலதும் நடந்திருக்கிறது. நான் மேலே வாதாடவில்லை.

எம்.பி.யின் அலுவலகம் டெப்பனர் என்று இங்கே சொல்லும் ஒரு சில்லறைச் சாமான் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. நாங்கள் ஐந்து பேர் போனோம். தலைவர் கோட்டும் டையுமாக வந்திருந்தார். அரை மணித்தியாலம்தான் தரலாம் என்று உதவியாளர் பெண் முதலே சொல்லிவிட்டாள். உள்ளே போனதும் தலைவர் சரிகை வைத்த சிவப்புப் பொன்னாடையை விரித்து எம்.பி.யின் தோளில் போர்த்தினார். எம்.பி.க்கு அது பழக்கம்தான், வாகாகக் குனிந்து கொடுத்தார். எல்லாரும் கைகூப்பி நின்றோம். உதவியாளர் பெண் படம் எடுத்தாள். கமெராவைக் கண்டால் சிரிக்கும் வாய் எனக்கும் இருக்கிறது, சிரித்தேன். பிறகு பெட்டி திறந்தது. பற்றீஸுக்குள் என்ன இருக்கிறது என்று எம்.பி. அக்கறையாகக் கேட்டார். பிறகு தலைவர் கோயில் தேர்த் திருவிழாவுக்கு ஊரிலிருந்து வர வேண்டிய நாதஸ்வரக் கோஷ்டியின் விசாவைப் பற்றிச் சொன்னார். போன முறை மறுத்துவிட்டார்களாம். அது முடிய, தேர் ஓடும் தெருவில் அன்று கார்களை நிறுத்த விடக்கூடாது என்பதைப் பற்றி ஒருவர் சொன்னார். நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தலைவர் என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, நீங்கள் உங்கட விசயத்தைச் சொல்லுங்கோ" என்றார்.

அது எப்போது என்னுடைய விஷயமாக மட்டும் மாறியது என்று தெரியவில்லை. இருந்தாலும் சொன்னேன். பேக்கரியைச் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன். சட்டத்தில் இருக்கும் வசனத்தையும் சொன்னேன். குழுக் கூட்டத்தில் அமைச்சரிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள், இந்த ஷெல் யார் தலையில் விழும் என்று பார்த்தீர்களா, பார்த்து என்ன கண்டீர்கள் என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிக் கேளுங்கள் என்றேன். 

அவர் நன்றாகத்தான் கேட்டார். இடையில் குறுக்கிடவில்லை. பொன்னாடை தோளில் அப்படியே இருந்தது. ஒவ்வொரு விற்பனையையும் தனித்தனியாக ஆராய்கிறார்கள், உலகத்திலேயே இறுக்கமான விதிகளில் கனடாவுடையதும் ஒன்று, நட்பு நாடு எழுத்தில் உறுதி கொடுத்திருக்கிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்கு ஆறுதல் சொல்வதுபோல இன்னொன்றும் சொன்னார். நிறையப் பொருட்கள் முதலில் கனடாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய நாட்டுக்குத்தான் போகின்றன, அங்கிருந்து எங்கேயும் போகலாம், அதில் பெரும்பாலானவற்றுக்கு யாருடைய கையெழுத்தும் தேவையில்லை, ஆகவே இந்த ஒன்றை நிறுத்தினாலும் பெரிதாக ஒன்றும் மாறாது என்றார். என் வலி தனக்கு விளங்கும், ஒவ்வொரு மே மாதமும் போரில் செத்த எங்கள் சனத்துக்கான நினைவுக் கூட்டத்தில் விளக்கேற்றுகிறவர் தான் என்றார். கேள்வி கேட்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. உங்கள் குரலைக் குழுவுக்குக் கொண்டுபோகிறேன் என்றார். படியிறங்கும்போது தலைவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "பாத்தீங்களோ, மனுசன் வடிவாக் கேட்டவர்" என்றார். நானும் நம்பத்தான் விரும்பினேன். அடுத்த நாள் அவளிடம், அவர் குழுவில் பேசுவார் என்று சொல்லிவிட்டேன்.

குழுக் கூட்டத்தை இணையத்தில் நேரடியாகக் காட்டினார்கள். அன்று எங்கள் இடைவேளையும் அதே நேரத்தில் வந்தது. அவளுடைய போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு இருந்தோம். எம்.பி.யின் முறை வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். போரைத் தன் உடம்பில் அனுபவித்த ஒரு சமூகத்தோடு அண்மையில் பயனுள்ள கலந்துரையாடல் நடத்தியதாக அவர் சொன்னார். அவர்களோடு பேசிய பிறகும் கனடாவின் ஆய்வு முறைமீது தனக்கு முழு நம்பிக்கை இருக்கிறது என்றார். பிறகு அந்த ஷெல்களைச் செய்யும் தொழிற்சாலையில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று அமைச்சரிடம் கேட்டார். அமைச்சர் சந்தோஷமாகப் பதில் சொன்னார். அதோடு அவருடைய நேரம் முடிந்தது.

அவள் கையை எடுத்துக்கொண்டாள். தனக்குப் பிரெஞ்சு சரியாக விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தாள் பாவம். எழுத்தில் இருக்குமா என்று அவருடைய பக்கத்தைத் தேடினாள். அங்கே எங்கள் படம் இருந்தது. நடுவில் சிவப்புப் பொன்னாடையோடு அவர், இரண்டு பக்கமும் கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நாங்கள். ஆயுத ஏற்றுமதி பற்றித் தமிழ்ச் சமூகத்தோடு ஆலோசனை என்று கீழே எழுதியிருந்தது. அவள் படத்தைப் பெரிதாக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"நன்றி சொல்லவா போனாய்?" என்று கேட்டாள்.

இல்லை, இது எங்கள் வழக்கம், பெரிய ஆட்களைப் பார்க்கப் போனால் இப்படித்தான் என்று விளக்கத் தொடங்கினேன். விளக்க விளக்க எனக்கே அது அசிங்கமாகப் பட்டது. அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். படத்தைத் திரும்பச் சிறிதாக்கிவிட்டு, "கேட்பதற்கு முன்பே மரியாதையைக் கொடுத்துவிட்டால், பிறகு அவர் எதற்காகச் செய்ய வேண்டும்?" என்றாள். இடைவேளை முடிய இருவரும் பெல்ட்டுக்குத் திரும்பினோம். 

அனுமதி கிடைத்துவிட்டது. செய்தியில் இரண்டு வரி வந்தது. எங்கள் சங்கத்தில் யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

கோடை தொடங்கியபோது ஒரு நாள் அவள் வேலைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மேற்பார்வையாளர்தான் சொன்னாள். பேக்கரி இருந்த தெருவில் ஷெல் விழுந்து அண்ணனின் மூத்த மகள் போய்விட்டாள். அண்ணன் உயிரோடு இருந்தான். நான் மூடி போட வேண்டிய தட்டுகள் வந்து குவிந்துகொண்டே இருந்தன. யாரோ பெல்ட்டை நிறுத்தினார்கள்.

அது எந்த நாட்டு ஷெல் என்று அறிய வேண்டும்போல இருந்தது. அறிந்து என்ன செய்வேன் என்று தெரியாது, ஆனாலும் எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். அதே உதவியாளர் பெண். மிகவும் மரியாதையாகப் பேசினாள். எந்த ஆயுதம் எப்போது எங்கே போனது என்பது வணிக இரகசியம், அதை எம்.பி.க்கே சொல்ல மாட்டார்கள் என்றாள். பிறகு, நல்ல செய்தி ஒன்று இருக்கிறது என்றாள். நாதஸ்வரக் கோஷ்டிக்கு விசா கிடைத்துவிட்டதாம். தலைவரிடம் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் சொன்னேன்.

சில வாரம் கழித்து அவள் வேலைக்குத் திரும்பி வந்தாள். தட்டுக் கழுவும் பகுதிக்கு மாற்றித் தரும்படி தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள். என்னைக் கண்டால் போன்ஜூர் சொல்வாள். நானும் சொல்வேன். அதற்கு மேல் எங்களுக்குள் இப்போது எதுவும் இல்லை.

தேர்த் திருவிழாவுக்கு எம்.பி. வந்தார். இந்த முறை அவருக்குப் பொன்னாடை போர்த்தாதீர்கள் என்று முதல் நாள் தலைவரிடம் கெஞ்சிக் கேட்டேன். நடந்தது எல்லாவற்றையும் அவர் கேட்டார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு விளங்குது தங்கச்சி. ஆனா எங்களிட்ட வாறது அந்த ஆள் ஒருத்தர்தான். அவரையும் பகைச்சா நாங்கள் ஆரிட்டப் போறது?" என்றார். அவரில் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. அடுத்த நாள் வெயிலில் நாதஸ்வரம் அருமையாக ஒலித்தது. மேடையில் எம்.பி.யின் தோளில் பொன்னாடை ஏறியபோது சனம் கைதட்டியது. என் கையும் தட்டியது. இரண்டு மூன்று தரம் தட்டிய பிறகுதான் எனக்கே தெரிந்தது.

வன்னியில் பதுங்குகுழிக்குள் கிடந்த நாட்களில், இந்த ஷெல்லை விற்ற நாடுகளில் இருக்கும் சனத்துக்கு இரவில் எப்படித்தான் நித்திரை வருகிறது என்று வயிறெரிந்து கேட்டிருக்கிறேன். அவர்களும் என்னைப் போலத்தான் நித்திரை கொண்டிருப்பார்கள், விடிந்ததும் பஸ் பிடித்து வேலைக்குப் போயிருப்பார்கள், மேலே யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று நம்பியிருப்பார்கள் என்பது இப்போது எனக்குத் தெரியும், தெரிந்த பிறகு அவர்களை மன்னிக்கவும் முடியவில்லை.