அந்த ஒன்பது பேரையும் அழைத்து வந்தவர்

புதன்கிழமை முற்பகல் மல்லிகாவிடமிருந்து போன் வந்தது. கொருக்குப்பேட்டையில் நான் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற நடுநிலைப்பள்ளியின் ஆயா அவர். "டீச்சர், ரஹமத் அக்கா பூட்டாங்க. காலையில மார் வலிக்குதுன்னாங்களாம். ஆட்டோல ஏத்தறதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு. சாயங்காலம் அசர் தொழுகை முடிஞ்சதும் எடுத்துடுவாங்க" என்றார். உடனே கிளம்பியிருக்க வேண்டும். திருவொற்றியூர் வீட்டில் செருப்பை மாட்டிக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ரஹமத் அக்கா எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவியாக ஆறு ஆண்டுகள் இருந்தவர். ராயபுரத்தில் இறால் உரிக்கும் கொட்டகையில் வேலை. கணவர் இல்லை, ஒரே மகன் அன்வர். அவரைத் தலைவியாக்கியது நான்தான். அதிகம் பேசமாட்டார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார் என்று கணக்குப் போட்டேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் கூட்டத்திலேயே கணக்கு தப்பிவிட்டது. தீர்மான நோட்டை நீட்டினேன். அவர் பேனாவைத் தொடவில்லை.

"எனக்குப் படிக்க வராது டீச்சர். இன்னா எழுதிக்கிறீங்கன்னு படிச்சுக் காட்டுங்க, அப்புறமா போடறேன்."

போன மாதத் தீர்மானத்தைத்தான் தேதி மாற்றி எழுதியிருந்தேன். குடிநீர் வசதி திருப்திகரமாக உள்ளது என்று படித்தேன்.

"தண்ணி நல்லா கீதா? அப்போ எம்புள்ள இன்னாத்துக்கு வூட்லேர்ந்து பாட்டில் தூக்கினு வர்றான்?"

மற்ற தாய்மார்கள் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அந்த வரியை அடித்துவிட்டு வேறு எழுதினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் உரக்கப் படித்த பிறகே கையெழுத்து.

இனி என் தவற்றைச் சொல்கிறேன். ஆண்டுக்கொரு முறை வெளியிலிருந்து ஆட்கள் வந்து பிள்ளைகளின் கற்றல் நிலையைச் சோதிப்பார்கள். அதற்கு முந்தின நாள், எழுத்துக்கூட்டத் தடுமாறும் பிள்ளைகளிடம் "நாளைக்கு நீ வரவேண்டாம்" என்று சொல்லிவிடுவது எங்களிடையே இருந்த பழக்கம். யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. பள்ளியின் மானம் என்றுதான் நினைத்தோம். அக்கா தலைவியாக இருந்த ஓர் ஆண்டு அப்படி ஒன்பது பேரை வீட்டில் இருக்கச் சொன்னேன். பள்ளிக்கு நல்ல தரம் கிடைத்தது.

பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று கூடுதல் ஆசிரியர் வேண்டும் என ரஹமத் அக்கா மனுமேல் மனு கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அரை நாள் கூலியை விட்டுவிட்டு மண்டல அலுவலகத்துக்குப் போவார். மனுவுக்குத் தந்த ரசீதுகளை ரேஷன் கார்டோடு ஒரே பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பார். ஒருநாள் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"உங்க ஸ்கூல்ல எல்லாம் நல்லா படிக்கிறாங்க, வாத்தியார் தேவையில்லன்றாங்க டீச்சர். எந்தப் புள்ளைங்கள சொல்றாங்க?"

நான் வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓராண்டு அப்படியே புரட்டினேன். அடுத்த சோதனைக்கு இரண்டு நாள் இருக்கையில்தான் வாய் திறந்து அந்த ஒன்பது பேரைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மெதுவாகக் கேட்டார்:

"அன்வரும் அந்த ஒம்போதுல ஒருத்தனா?"

"ஆமாம் அக்கா."

"அன்னிக்கு லீவுன்னு சொன்னான். நானும் நம்பிட்டேன்."

அவ்வளவுதான். சோதனை நாளன்று விடிந்ததும் வீடு வீடாகப் போய் அந்த ஒன்பது பேரையும் எழுப்பி, தலை வாரி, கையோடு அழைத்து வந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. கடைசிப் பிள்ளை முடித்து வரும்வரை பள்ளி வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்.

தரம் விழுந்தது. எனக்கு மெமோ வந்தது. ஆசிரியர் மட்டும் வரவில்லை. தேர்ச்சியும் குறைவு, சேர்க்கையும் குறைவு, ஆகவே ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமிருக்கும் பள்ளியோடு இணைக்கப் போவதாகக் கடிதம் வந்தது. படித்துக் காட்டினேன். அக்கா சிரித்தார்.

"நல்லா படிச்சா வாத்தியார் வேணாம். படிக்கலன்னா ஸ்கூலே வேணாம். இன்னா டீச்சர் நாயம் இது?"

கடிதத்தை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் மறுபடி மண்டல அலுவலகம் போனார். இந்த முறை மனு எதுவும் கொடுக்கவில்லை; அதிகாரியையே ஒருநாள் காலை எட்டரைக்கு வந்து பிள்ளைகளோடு அந்தப் பள்ளிவரை நடந்து பார்க்கச் சொன்னார். நான்காவது முறை கேட்டதும் அந்த மனிதர் வந்துவிட்டார். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் நகர்வதாயில்லை. சில பிள்ளைகள் புத்தகப் பையோடு குனிந்து தடுப்புக்குக் கீழே நுழைந்தார்கள். "நீங்களும் வாங்க சார்" என்றார் அக்கா. அதிகாரி வந்த வழியே திரும்பிப் போனார். இணைப்பு நிறுத்தி வைக்கப்பட்டது. ரத்தாகவில்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் அவர் சொன்னது: "நீங்க போயிடலாம் டீச்சர். நான் எங்க போவேன்?"

புதனன்று அதே கேட்டில் மாட்டிக்கொண்டேன். சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி கடந்ததும் எதிர்ப்பக்கம் தெரிந்தது. பச்சைத் துணி போர்த்திய சந்தூக்குப் பெட்டியைத் தோளில் தாங்கிக்கொண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். முன்னால் அன்வர். ஐ.டி.ஐ.யில் படிக்கிறான். அவனைச் சுற்றி அந்த ஒன்பது பேரில் நால்வரை அடையாளம் கண்டேன். வழக்கமாகத் தடுப்புக்குக் கீழே குனிந்து ஓடுகிறவர்கள். அன்று ஒருவரும் அசையவில்லை. கேட் முழுதாக ஏறும்வரை நின்று, பிறகு நடந்து வந்தார்கள். நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

கூடுதல் ஆசிரியர் இன்னும் வரவில்லை, அக்கா. நான் வீட்டில் இருக்கச் சொன்ன பிள்ளைகள் உங்களைத் தூக்கிக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். கேட் திறந்துதான் இருக்கிறது. போய் வாருங்கள்.