துரு விழ ஒரு குழாய்த் துண்டு

இருட்டின பிறகு கொல்லையில் 'டொப்' என்று சத்தம் கேட்டால் மற்றவர்களுக்குத் திருடன் ஞாபகம் வரும், கைக்குழந்தைக்காரிகளான நமக்குக் கேஸ் கீசர்தான். இந்த உத்தியோகத்தில் பயப்படுவதுதான் முழுநேர வேலை.

வாட்ச்மேன்

எங்கள் கீசர் பாத்ரூமுக்கு வெளியே, கொல்லைச் சுவரில் இருக்கிறது. குழாயைத் திறந்தால் உடனே பற்றாது. கொஞ்சம் யோசித்துவிட்டு 'டொப்' என்று பற்றும். முதல் தடவை, ஈரக் குழந்தையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டேன். நெற்றியில் விபூதி, வாயில் கான்வென்ட் சிஸ்டர் சொல்லித்தந்த ஜெபம்.

அன்றிலிருந்து, ஓட வழி வேண்டுமே என்று பாத்ரூம் கதவைத் தாழ் போடுவதில்லை. நான் குளித்தால் வெளியே கணவர் காவல். "ஏம்மா, நீ குளிக்கிறதுக்கு நான் உப்பளத்துக்கு லீவு போடணுமா?"

ஷாம்பு

கடைசியில் கூப்பிட்ட மெக்கானிக் கேஸ் பைப்பைக் கழற்றித் தட்டினார். உப்புக்காற்று அரித்த துரு பொலபொலவென்று கொட்டியது. அதுதான் பர்னரை அடைக்கிறதாம். பர்னரைச் சுத்தம் செய்து, புதுப் பைப்பில், கீசருக்குச் சற்று முன்னால் 'டீ' என்கிற, T எழுத்து மாதிரி மூன்று வாய் உள்ள இணைப்பு ஒன்றை வைத்தார். அதன் அடியில் மூடி போட்ட சின்னக் குழாய்த் துண்டு. கேஸ் பக்கவாட்டில் திரும்பிவிடும். துரு கனத்துக்குக் கீழே விழுந்து துண்டிலேயே தங்கிவிடும்.

சோப்புத் தண்ணீர் தடவி, கசிவில்லை என்றார். நான் நம்புவேனா? அவர் போனதும் குழந்தையின் ஷாம்புவைக் கரைத்து ஊற்றினேன். நுரையைப் பார்த்துப் பதறி, அவரைத் திரும்பக் கூப்பிட்டேன். வந்து பார்த்தவர் சொன்னார்: "இது கேஸ் இல்லீங்க, நீங்க கலக்கின நுரை. புள்ளைக்கு ஊத்தினதைவிட பைப்புக்குத்தான் ஜாஸ்தி ஊத்தியிருக்கீங்க போல."

சேறு

மறுநாள் சாயங்காலம் கொல்லையில் என் மாமியார். ஒரு கையில் ஸ்பேனர், மறு கையில் மக். அந்த அடி மூடியைத் திருகப் பார்க்கிறார்!

"அத்தை! அதுல கேஸ் இருக்குது!"

என் அலறலில் குழந்தை அழுதது, பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். கேஸை மூடிவிட்டு மெக்கானிக்தான் திறக்கணும் என்று சொன்னேன். உப்பளத்திலேயே வாழ்ந்தவர் அவர், அசரவில்லை. "தண்ணி தங்குற பாத்தியில சேத்தை வாராம விட்டா உப்பே கறுத்துப்போவும். இது மட்டும் என்ன ராஜா வூட்டுச் சேறா?"

அமைதி

இன்று குழாயைத் திறந்தேன். 'டொப்' இல்லை. சுடுதண்ணீர் சமர்த்தாக வந்தது. குழந்தையைக் குளிப்பாட்டி மாமியாரிடம் கொடுத்துவிட்டு, நான் குளிக்கக் கிளம்பினேன். கொல்லையிலிருந்து மாமியார் குரல்: "சத்தமே காணோமே, எரியுதா இல்லியா? அந்த மூடியைத் தொறந்து பாக்கட்டுமா?"

ஆக, கேஸுக்குப் பயந்து இத்தனை நாள் திறந்தே வைத்திருந்த கதவை, மாமியாருக்குப் பயந்து, ஸ்பேனரும் கையுமாக உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டேன்.