மாமாவின் இரண்டு பிஸ்கட் டின்கள்

எங்கள் குடும்பத்தில் யாருக்கும் ஓர் இடத்தில் உட்கார வராது. அப்பா நின்றுகொண்டே சாப்பிடுவார். அம்மா துணி மடித்துக்கொண்டே டிவி பார்ப்பார். ஆனால் மாமாவுக்கு முன்னால் இவர்கள் எல்லாம் கல்தூண்கள். மாமா அம்மாவின் தம்பி. கிள்ளானில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு துறைமுகத்துக்கு லோரி ஓட்டினார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. லோரியில் இல்லாத நேரத்தில் வாசலுக்கும் சமையலறைக்குமாக நடப்பார், போகிற வழியில் இரண்டு முறை ஐஸ்பெட்டியைத் திறந்து பார்ப்பார், எதையும் எடுக்க மாட்டார். அவர் அசையாமல் உட்காரும் ஒரே நேரம், கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பழைய இங்கிலாந்துக் காசுகளைப் பார்க்கும் நேரம்தான்.

பெரும்பாலும் பென்னிகள். உள்ளங்கையை நிறைக்கிற செம்புக் காசு. ஒரு பக்கம் ராணியோ ராஜாவோ, மறுபக்கம் கையில் சூலத்தோடு கடலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். அது மாரியம்மன் என்றுதான் நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒரே வருஷத்துப் பென்னியில்கூடச் சிலவற்றில் கடல் அம்மனுக்குப் பின்னால் உயர்ந்து நிற்கும், சிலவற்றில் தாழ்ந்து கிடக்கும். தாழ்ந்த கடல் கிடைப்பது அரிது. மாமா எனக்குக் கடலைக் காட்டித்தான் காசு பார்க்கவே பழக்கினார்.

அவருடைய மேசையில் இரண்டு பிஸ்கட் டின்கள் இருந்தன. ஒன்றின் மேல் 'பிறவி' என்றும் மற்றொன்றின் மேல் 'பட்டது' என்றும் மார்க்கர் பேனாவால் எழுதியிருப்பார். காசை அடிக்கும்போதே அச்சு நழுவியோ எழுத்து இரட்டித்தோ பிழை விழுந்திருந்தால் அது பிறவி. அதற்கு மதிப்பு. அடித்து முடித்து வெளியே வந்த பிறகு எவனோ சுத்தியலால் தட்டியிருந்தாலோ, சக்கரம் ஏறியிருந்தாலோ அது பட்டது. அதற்கு ஒரு மரியாதையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் எனக்கு வாய்ப்பாடு வரவில்லை, ஆனால் எந்தக் காசு எந்த டின்னுக்கு என்று பத்துக்கு எட்டாவது சரியாகச் சொல்வேன்.

அக்கா எனக்கு ரொம்ப மூத்தவள். நடுவில் யாரும் இல்லை. நான் பிறந்ததும் அம்மா என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் விரல்களை எண்ணினாராம். வீட்டில் அது ஒரு வேடிக்கைக் கதை. அக்காவுக்கு இடது கையில் கடைசி இரண்டு விரல்கள் பாதியோடு நின்றிருந்தன. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது மாமா பார்க்காமல் கார்க் கதவைச் சாத்திவிட்டார் என்பது எங்கள் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்த சங்கதி. கல்யாண வீட்டில் மாமா ஒரு குத்துவிளக்கைத் தூக்கினால்கூட, "அவன் கையில குடுக்காதீங்க" என்று யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். மாமா சிரித்துக்கொண்டே விளக்கைக் கீழே வைத்துவிடுவார்.

அக்கா மாமாவோடு பேச மாட்டாள். சண்டை என்றும் சொல்ல முடியாது. மாமா எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே, "மாமாவைச் சாப்பிட வரச் சொல்லு" என்று என்னிடம் சொல்வாள். நானும் தபால்காரி மாதிரி இரண்டடி நடந்துபோய்ச் சொல்வேன். அவர் காரில் ஏறினால் எல்லாக் கதவும் சாத்தும்வரை இரண்டு கைகளையும் மடியில் இறுக்கி வைத்துக்கொள்வாள். அப்போதெல்லாம் மாமா ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அக்காவைப் பெண் பார்க்க சுபாங் ஜெயாவிலிருந்து வருவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் நடக்க முடியவில்லை. அதற்கு முன்பு இரண்டு இடம் வந்து, பலகாரம் சாப்பிட்டு, கையைப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனவர்கள் போனவர்கள்தான். இந்த மாப்பிள்ளையை அக்காவுக்கே பிடித்திருந்தது. போட்டோவைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு பார்ப்பதை நான் பார்த்தேன். இதுவும் போனால் அவள் தாங்க மாட்டாள் என்று அம்மா அப்பாவிடம் சொல்லி அழுததையும் கேட்டேன். காலையிலேயே அம்மா என்னையும் மாமாவையும் வெளியே விரட்டினார். "ரெண்டு பேரும் எங்கயாச்சும் போய்த் தொலைங்க. மூணு மணிக்குள்ள வந்துடணும்."

மாமாவுக்குப் போக்கிடம் ஒன்றுதான். பி.ஜே. பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் பழம்பொருள் விற்கிற பாசார், அதாவது சந்தை, கூடும். அங்கே ஒரு கடைக்கார அண்ணன் மாமாவைப் பார்த்ததும் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பென்னியை எடுத்தார். ஒரு பக்கம் ராணியின் முகம் மேடாக இருந்தது. மறுபக்கம் அதே முகம் குழிந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பியிருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். முந்தின காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசில் இப்படிக் குழி விழும் என்று மாமா சொல்லியிருக்கிறார். அவர் வாழ்நாளெல்லாம் தேடிக்கொண்டிருந்த பிழை அது.

"அம்பாங்லேர்ந்து ஒரு டாக்டர் வர்றாரு தம்பி. நீ பிறவின்னு ஒரு வார்த்தை சொன்னா கண்ண மூடிக்கிட்டு வாங்கிடுவாரு" என்றார் அண்ணன்.

மாமா லென்ஸை வைத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். குழிந்த பக்கம் அழகாகத்தான் இருந்தது. மேடான பக்கத்தில் ராணியின் கூந்தல் சப்பையாகக் கிடந்தது. இரண்டு காசுகளைச் சேர்த்து யாரோ இடுக்கியில் நசுக்கியிருக்கிறார்கள்.

"ஒரு பக்கம் நசுக்குனா மறுபக்கம் காட்டிக் குடுத்துடும், பாப்பா" என்றார் மாமா.

"யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் அண்ணன்.

"எனக்குத் தெரியும்லா அண்ணே."

டாக்டர் வந்து கேட்டார். மாமா "பட்டது" என்றார். டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்த அண்ணன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. மாமாவைப் பற்றி எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் படியை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினேன்.

பெடரல் ஹைவேயில் ஜேம், வண்டிகள் நகரவே இல்லை. அம்மா போனுக்கு மேல் போன் போட்டார். மாமா ஹாரனை அடிப்பதும் சட்டைக் காலரை இழுத்துவிடுவதுமாக இருந்தார். பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தபோது முன்வாசலில் மாப்பிள்ளை வீட்டார் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சமையலறையில் அம்மா மாமாவின் கையைப் பிடித்து நிறுத்தி, "கேட்டா எப்பவும் சொல்றதையே சொல்லு. புதுசா ஒன்னும் வேணாம். ஆயிரம் பொய் சொல்லியாச்சும் ஒரு கல்யாணத்தப் பண்ணுன்னு சும்மாவா சொன்னாங்க" என்றார். மாமா தலையை மட்டும் ஆட்டினார். காசுக் கதை பேசி வந்தவர்களை விரட்டிவிடாதே என்று அம்மா எச்சரிப்பதாக நான் எடுத்துக்கொண்டேன்.

கூடத்தில் எல்லாம் நன்றாகத்தான் போனது. அக்கா டீ கொண்டுவந்தாள். தட்டைப் பிடித்திருந்த அவளுடைய இடது கையை மாப்பிள்ளையின் அம்மா பார்த்தார். பார்க்காத மாதிரி ஒரு முறுக்கை உடைத்தார். மறுபடியும் பார்த்தார்.

"தப்பா நினைக்காதீங்க. நாளைக்குப் பொறக்குற பிள்ளைக்கும் வந்துடக் கூடாதுல்ல, அதுக்குத்தான் கேக்குறேன். பிறவியிலேயேங்களா?"

அப்பா விசிறியைப் பார்த்தார். அம்மா மாமாவைப் பார்த்தார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நாற்காலியில் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டிருந்த மாமாவின் கால் நின்றுவிட்டது.

"இல்லக்கா. என் தப்புதான். கைப்பிள்ளையா இருந்துச்சு. பாக்காம கார் கதவச் சாத்திட்டேன்" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா நெஞ்சில் கை வைத்து, "ஆம்பளைங்க கையில பிள்ளையக் குடுத்தா இப்படித்தான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், மாமாவும்தான். அதற்குப் பிறகு கேசரி வேகவேகமாகக் காலியானது. அடுத்த மாதமே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை போகும்போது அக்காவைத் திரும்பிப் பார்த்தார், அவளும் பார்த்தாள். அம்மா சாமி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் மட்டும் தட்டாமாலை சுற்றியவள்போல இருந்தேன். அந்த விரல்கள் என் தலையைப் பின்னிவிட்டவை. எனக்கு அவை தெரியும். நுனியில் சின்னச் சின்ன நகங்கள், ஒழுங்காக, முழுதாக. ஒரு தழும்பு கிடையாது. நேராக முன்னறைக்குப் போனேன். மாமா விளக்கைப் போட்டுக்கொண்டு மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். முன்னால் காசு எதுவும் இல்லை.

"மாமா, நசுங்குனா மறுபக்கம் காட்டிக் குடுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. அக்கா விரல்ல நகம் நல்லா இருக்கே. தழும்பே இல்லையே. அது பிறவிதானே மாமா? ஏன் பட்டதுன்னு சொன்னீங்க?"

"மெதுவாப் பேசு" என்றார் மாமா. ஆனால் அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பினேன். அக்கா வாசற்படியில் நின்றிருந்தாள். கட்டிய பட்டுப்புடவையை இன்னும் மாற்றவில்லை. ஒரு தட்டில் மீந்த கேசரியை மாமாவுக்கு எடுத்துவந்திருந்தாள், என்னிடம் கொடுத்தனுப்பத்தான் இருக்கும். நான் கேட்டது முழுவதும் அவள் காதில் விழுந்திருந்தது. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. மெதுவாக வந்து தட்டை மேசையில் வைத்தாள். இடது கையை விளக்குக்கு அடியில் நீட்டினாள்.

"பாத்துச் சொல்லுங்க மாமா" என்றாள்.

அவள் அவரிடம் நேராகப் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மாமா அந்தக் கையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். "இதுக்கெல்லாம் லென்ஸ் வேணாம்மா" என்றார், குரல் பாதியில் உடைந்துவிட்டது. அக்கா கையை எடுக்கவில்லை. மாமா அந்த இரண்டு விரல்களையும் தன் கைக்குள் மூடிக்கொண்டார். இருவரும் அப்படியே அழுதார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேள்வி கேட்டவள் நான். பதில் சொல்லாமல் இவர்கள் அழுதால் என்ன அர்த்தம்? லென்ஸை எடுத்து மாமாவின் தோளில் இடித்து, "பாக்காம எப்படி மாமா தெரியும்? எந்த டின்னுன்னு சொல்லுங்க மாமா" என்று நச்சரித்தேன். இருவரும் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று மாமாமேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.